மோட்டார் வண்டியின் பிறேக்கும் விற்றவர் பொறுப்பும்

மோட்டார் வண்டி வாங்கச் செல்பவர் அது எவ்வளவு விரைவாக ஓடும், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் போகும், எத்தனை பேர் அதில் அமரலாம் என்பனவற்றையெல்லாம் கேட்டறிகின்றார். அஃது எவ்வாறு நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. பிறேக்கை மிதித்தால் வண்டி நிற்கும் என்பது ஒருவரும் ஐயுறாத உண்மையாகிவிட்டது. அந்த உண்மை ஒரு நாள் ஒரு மலைச் சரிவிலே ஒரு கணம் பொய்த்துப்போகுமாயின், அதன்பின் அவ்வண்டியின் வேகத்தைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

அவ்வாறு பொய்த்து, தெய்வாதீனமாக உயிர் தப்பியவர்களுள் பலருக்கு இரண்டாவது துன்பம் ஒன்று காத்திருக்கின்றது. அவர்கள் வண்டியை விற்ற முகவரிடமோ, அதனைப் பராமரித்த கராஜுக்கோ கொண்டுசெல்கின்றனர். அங்குள்ளவர் வண்டியை ஓட்டிப் பார்க்கின்றார். பெடலை மிதித்துப் பார்க்கின்றார். வண்டி நிற்கவேண்டிய இடத்திற் செவ்வையாக நிற்கின்றது. “பிறேக்கில் ஒரு குறையுமில்லை; பயத்திலே உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும்” என்று கூறி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். சொந்தக்காரரோ தம் காலால் உணர்ந்ததைத் தாமே ஐயுறத் தொடங்குகின்றார். இவ்விருவருள் பொய் சொல்பவர் யார்? பல வேளைகளில் இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள விந்தை. அஃது எங்ஙனம் என்பதை அறியவேண்டுமாயின், பிறேக் வேலைசெய்யும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அடைத்துவைத்த திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் அத்திரவத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் குறையாமற் சென்று சேரும் என்பதைப் பிரான்சிய அறிஞர் பஸ்கால் 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். இக்காலக் கார்களின் பிறேக் இந்த விதியைக் கொண்டே அமைந்தது. சாரதி பெடலை மிதிக்கும்போது, மாஸ்டர் சிலிண்டர் என்னும் குழலின் உள்ளே இருக்கும் தண்டு பிறேக் எண்ணெயை அமுக்குகின்றது. அவ்வமுக்கம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் சென்று, அங்குள்ள தேய்கட்டைகளைச் சுழலும் தட்டின் மேல் அழுத்துகின்றது. உராய்வினால் சில்லின் ஓட்டம் தணிகின்றது. அமெரிக்காவின் டியூசன்பேர்க் கார் 1921இல் நான்கு சில்லுகளுக்கும் இத்தகைய பிறேக்குடன் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னிருந்த கார்களிலே கம்பியையும் கோலையும் இழுத்தே சில்லுகளை நிறுத்தினர்.

இம்முறை முழுவதும் ஒரேயோர் இயல்பை நம்பியிருக்கின்றது. திரவம் அமுக்கினாற் சுருங்காது என்பதே அவ்வியல்பு. ஒரு சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அமுக்கினால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கப் பிடி உள்ளே போகும். பம்பினுள் நீரை நிரப்பி அவ்வாறு செய்தால் பிடி அசையாது. பிறேக் குழாயினுள் எண்ணெய் மாத்திரம் இருக்கும்வரை சாரதியின் காற்பலம் சில்லைச் சென்று சேரும். அங்கே காற்றோ ஆவியோ புகுந்துவிட்டால், அவர் கொடுக்கும் பலம் அதனைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்து தரையைத் தொடும். வண்டியோ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

மூடிய குழாயினுள் ஆவி எங்கிருந்து வருகின்றது? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. கண்டியோ ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆட்களுடன் 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் 1,000 மீற்றர் கீழிறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்விறக்கத்திலே வெளிப்படும் சக்தி, 30 பாகை வெப்பமுள்ள 40 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நான்கு வாளித் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் இது. இதிற் சிறு பகுதியைக் காற்றின் எதிர்ப்பு ஏற்றுக்கொள்ளும். சாரதி தாழ்ந்த கியரில் வந்தால் பெரும் பகுதியை இயந்திரம் தாங்கிக்கொள்ளும். உயர்ந்த கியரிலோ, கியர் இல்லாமலோ வந்தால், எஞ்சிய வெப்பம் அனைத்தும் கையகலமுள்ள அந்தத் தேய்கட்டைகளிலும் தட்டுகளிலும் இறங்கி, அங்கிருந்து பிறேக் எண்ணெய்க்கும் பரவும்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்று குறிக்கப்படும் எண்ணெய், புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. அதனுள் நூற்றுக்கு நான்கு பங்களவு நீர் சேர்ந்துவிட்டால், 140 பாகையிலேயே அது கொதிக்கத் தொடங்கலாம். டொட் 4 என்னும் எண்ணெய்க்கு இவ்வளவுகள் முறையே 230, 155 பாகைகளாம். கண்ணுக்கு எண்ணெய் அப்படியேதான் தோன்றும், அளவும் குறைந்திராது. எனினும், சில ஆண்டுகளாக மாற்றப்படாத எண்ணெயுடன் மலையிறங்கும் கார், புதிய எண்ணெய் தாங்கியிருக்கக்கூடிய வெப்பத்தைத் தாங்கமாட்டாது. எண்ணெய் கொதித்து ஆவியாகின்றது. பெடல் அமிழ்ந்து போகின்றது.

அடுத்து நிகழ்வதையே கருத்தூன்றி நோக்கவேண்டும். எவ்வாறோ வண்டி நிறுத்தப்படுகின்றது. அரை மணி நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ சில்லுகள் ஆறுகின்றன. ஆவி குளிர்ந்து மீண்டும் எண்ணெயாகின்றது. பெடல் பழையபடி உறுதியாக நிற்கின்றது. மறுநாட் காலையில் முகவர் நிலையத்தின் சமதரையிலே, ஆறிய பிறேக்குடன், ஒருவர் மாத்திரம் ஏறியிருந்து ஓட்டிப் பார்க்கும்போது அங்கே குறை இராது. மேசன் கூரையின் ஒழுக்கைத் தேடி வெயிற்காலத்தில் வருவது போன்றது இது. ஓட்டிப் பார்த்தவர் கண்டதும் உண்மை. சொந்தக்காரர் உணர்ந்ததும் உண்மை. ‘குறை காணப்படவில்லை’ என்பதற்கும் ‘குறை இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறப்பதனாலேயே பிணக்கு உண்டாகின்றது.

பிறேக்கின் குறைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. பெடல் தரும் உணர்வைக் கொண்டு அவற்றை ஓரளவு வகுத்தறியலாம். பெடலை மிதித்தபடி வைத்திருக்க அது மெல்ல மெல்லக் கீழே போகுமாயின், எண்ணெய் எங்கோ கசிகின்றது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே றப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று கருதலாம். பெடல் உறுதியாக நின்றும் வண்டி நிற்க மறுத்தால், தேய்கட்டைகள் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி உராயும் ஆற்றலை இழந்தன என்பது பொருள். பெடல் கல்லைப்போல் இறுகி மிதிக்க முடியாதிருந்தால், காற்பலத்துக்குத் துணைசெய்யும் பூஸ்டர் வேலைசெய்யவில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சில்லின் பிறேக் மற்றதைப்போல் பிடிக்கவில்லை. எனவே, “பிறேக் சரியில்லை” என்று மாத்திரம் கராஜில் சொல்வது, நோயாளி மருத்துவரிடம் “உடம்பு சரியில்லை” என்று மாத்திரம் சொல்வதை ஒக்கும்.

தோன்றி மறையும் குறையைத் தயாரிப்பாளரே உணர்வென்று எண்ணிய வரலாறும் உண்டு. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டொயோட்டா பிரியஸ் கார் வைத்திருந்தோர் பலர் ஒரே வகையான முறைப்பாட்டைத் தெரிவித்தனர். மேடுபள்ளமான இடத்திலோ வழுக்கும் தரையிலோ பிறேக்கை மிதித்தால், ஒரு கணம் பிடி விட்டுப்போகின்றது என்பதே அம்முறைப்பாடு. அது பெற்றோலாலும் மின்சாரத்தாலும் இயங்கும் கார். அதன் வேகத்தைத் தணிக்கும் வேலையை மின்மோட்டாரும் எண்ணெய் பிறேக்கும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேலை மாறும் கணத்தைக் கணினி நிருவகிக்கின்றது. அக்கணினியின் கட்டளைத் தொகுதியிலேதான் குறை இருந்தது. கம்பனியின் அதிகாரிகள் முதலில் இதனைச் சாரதியின் உணர்வைச் சார்ந்த விடயம் என்று விளக்கினர். எனினும், அந்த ஆண்டு ஜனவரி மாதத்திலிருந்தே தொழிற்சாலையில் உருவாகிய புதிய கார்களிற் கட்டளைத் தொகுதி மாற்றப்பட்டுவிட்டது. வீதியில் ஓடிக்கொண்டிருந்த கார்களின் சொந்தக்காரருக்கு இது தெரிவிக்கப்படவில்லை. இச்செய்தி வெளிவந்தபின், 2010 பெப்ரவரி 9ஆம் தேதி, பிரியஸையும் அதனையொத்த வேறு சில வகைகளையும் சேர்த்து உலகெங்கும் ஏறத்தாழ 4 இலட்சத்து 37 ஆயிரம் கார்கள் திருத்தத்துக்காகத் திருப்பியழைக்கப்பட்டன.

அதே ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், விசைப்பெடல் சிக்கிக்கொள்ளும் வேறொரு குறையை உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என்பதற்காக, அமெரிக்க அரசு அக்கம்பனியிடம் 1 கோடியே 64 இலட்சம் டொலர் தண்டம் கேட்டது. கம்பனியும் செலுத்தச் சம்மதித்தது. பாதுகாப்புக் குறையை அறிந்த தயாரிப்பாளர் ஐந்து வேலை நாட்களுள் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இவ்விதிக்கு அடிப்படையான சட்டம் 1966இல் நிறைவேறியது. தனித்தனியே முறையிட்ட சாரதிகளின் சொற்கள் ஓரிடத்திற் பதிவாகி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கப்பட்டமையாலேயே பிரியஸின் குறை வெளிப்பட்டது. ஒருவர் சொன்னால் அது பயம். நூறு பேர் ஒரே குறையைச் சொல்லி அது எழுத்தில் இருக்குமாயின் அது சான்று.

இலங்கையின் நிலைமை இதனினும் சிக்கலானது. இங்கு ஓடும் கார்களுட் பெருந்தொகையானவை ஜப்பானிலே சில காலம் ஓடியபின் இறக்குமதியானவை. தயாரிப்பாளரின் முகவர், “இது எங்கள் மூலம் வந்த கார் அன்று” என்கின்றார். இறக்குமதி செய்து விற்றவர், “நாங்கள் செய்த கார் அன்று” என்கின்றார். ஜப்பானில் முதற் சொந்தக்காரரின் முகவரிக்குச் சென்ற திருப்பியழைப்புக் கடிதம் மட்டக்களப்பிலோ மாத்தளையிலோ இருக்கும் இன்றைய சொந்தக்காரரை வந்தடையாது. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளில் பழைய கார்கள் கைமாறிக் கைமாறி ஓடின. இனித் தனியார் கார் ஒன்றுக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது, புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கப்படுகின்றன. புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும், பிறேக்கைப் பார்க்காது. எனவே, பிறேக்கைப் பார்க்கும் கடமை சொந்தக்காரரையும் அவர் நம்பிச் செல்லும் கராஜையுமே சார்கின்றது.

ஆயினும், வாங்குபவருக்குச் சட்டத்தின் துணை இல்லாமற் போகவில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் தம் தேவையைத் தெரிவித்து, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்குமிடத்து, பொருள் அத்தேவைக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். சில விலக்குகளுக்கு உட்பட்டு, இந்நிபந்தனை எழுத்தில் இல்லாவிடினும் உள்ளதாகவே கொள்ளப்படும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, உத்தரவாதத்துக்கு மாறான பொருளை விற்றவர்மீது வரும் முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பும்படியோ கட்டளையிடலாம். உத்தரவாதம் வெளிப்படையாகவும் இருக்கலாம். குறிப்பால் உணரத்தக்கதாகவும் இருக்கலாம்.

இதில் நேயர்கள் மனத்திற் பதிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அம்முறைப்பாடு எழுத்து மூலம், பொருளை விற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுள், செய்யப்படுதல் வேண்டும். “அடுத்த கிழமை வாருங்கள்”, “பெரியவர் வெளிநாடு போயிருக்கிறார்”, “உதிரிப்பாகம் கப்பலில் வருகிறது” என்று விற்றவர் சொல்லும் ஒவ்வொரு தவணையும் அம்மூன்று மாதத்திலிருந்தே கழிகின்றது. வாயால் நடந்த பேச்சுக்கு நாட்குறிப்பு இல்லை. பொறுமையுள்ள சொந்தக்காரர் நான்காம் மாதத்தில் வாசலுக்கு வரும்போது, கதவு சாத்தப்பட்டிருக்கக் காண்பார்.

ஆகவே, பிறேக் ஒரு முறை தவறினால், அன்றைக்கே அதனை எழுதி வைத்தல் நன்று. நாள், நேரம், இடம், ஏற்றமா இறக்கமா, மழையா வெயிலா, வண்டியில் எத்தனை பேர், எந்தக் கியர், எவ்வளவு வேகம், பெடல் அமிழ்ந்ததா இறுகியதா, கருகல் மணம் இருந்ததா, எவ்வளவு நேரத்தின்பின் சரியாயிற்று, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்பன அதில் இடம்பெற வேண்டும். கராஜில் எழுதும் வேலைச்சீட்டில் ‘பொதுப் பரிசோதனை’ என்று எழுத விடாமல், சொந்தக்காரர் சொன்ன குறையை அவர் சொன்னபடியே எழுதுவித்து, அதன் பிரதியொன்றைப் பெறுதல் வேண்டும். பழைய பிறேக் எண்ணெயை வெளியேற்றுமுன் அதன் கொதிநிலையை அல்லது ஈரத்தைக் கருவியால் அளக்கும்படி கேட்கலாம். ஆவியாகிய குறை ஆறியதும் மறைந்துவிட்டாலும், ஈரமேறிய எண்ணெய் சாட்சியாக அங்கேயே நிற்கும். கணினி பூட்டிய கார்களில், நினைவில் உள்ள பிழைக் குறிகளை அழிக்குமுன் அவற்றின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். மாற்றிய பாகங்களைக் கையிற் பெற்றுக்கொள்ளலாம். வண்டியின் செசி இலக்கத்தைக் கொண்டு, தயாரிப்பாளரின் இணையத்தளத்திலே திருப்பியழைப்பு உண்டா எனப் பார்க்கலாம். விற்றவர் இவற்றுக்கெல்லாம் செவிசாயாவிட்டால், நிகழ்ந்ததைச் சுருக்கமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுதல் வேண்டும்.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் கருதுதல் முறையே. வண்டியைச் சரியாகப் பராமரியாமல், மலிவான போலித் தேய்கட்டைகளைப் பூட்டிவிட்டு, விற்றவர்மீது பழி போடுவோரும் உளர். வேலைக்காரர் தாம் காணாத குறையை ஏற்றுக்கொள்ளத் தயங்குவதும் இயல்பே. ஆனால், அதற்குரிய மறுமொழி “குறையில்லை” என்பதன்று. குறை எந்த நிலையில் தோன்றியதோ அந்த நிலையை உண்டாக்கிப் பார்ப்பதே தொழிலறிந்தவர் செய்யத்தக்கது. சொந்தக்காரரை அருகிலிருத்தி, வண்டி சூடேறும்வரை பாதுகாப்பான இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம், எண்ணெயை அளக்கலாம், அவ்வகைக் கார்களில் வேறெவரும் இப்படி முறையிட்டனரா என்று பதிவேட்டைப் புரட்டலாம். இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

சாரதியின் பங்கும் உண்டு. இயந்திரம் வண்டியைத் தடுத்துக்கொடுக்கும்படி, ஏறும்போது போட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்குவது பழைய லொறிச் சாரதிகள் கைக்கொண்ட நல்ல வழக்கம். பெற்றோலை மிச்சம் பிடிக்க இயந்திரத்தை நிறுத்திச் சரிவில் வண்டியை உருளவிடுவது பெருந் தவறு. அவ்வாறு செய்தால் இயந்திரத்தின் தடுப்பும் போகும். சில மிதிகளின்பின் பூஸ்டரின் துணையும் போகும். பிறேக் எண்ணெயைத் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில், பொதுவாக இரண்டு ஆண்டுக்கொரு முறை, மாற்றுதல் வேண்டும். நடுவழியில் பெடல் அமிழுமாயின், அதனை விட்டுவிட்டு விரைவாகப் பலமுறை மிதிக்கலாம். படிப்படியாகத் தாழ்ந்த கியருக்கு மாறலாம். கைபிறேக்கைச் சிறிது சிறிதாக இழுக்கலாம். ஒலியெழுப்பி மற்றவரை எச்சரிக்கலாம். வேறு வழியில்லையேல், பள்ளத்தை விலக்கி மலைப்பக்கத்து மண்ணணையில் வண்டியை உரசவிடுவது மேல். நின்றபின், பெடல் சரியாகிவிட்டது என்று எண்ணி மீண்டும் புறப்படாமல், வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்தல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பர். பிறேக் தவறி உயிர் தப்பியவர் கொண்டுவரும் செய்தி, வெள்ளம் வரப்போகின்றது என்பதற்கு முன்னறிவிப்பு. அது வேலைச்சீட்டில் ஏறாமல் வாய்ச்சொல்லாகவே காற்றிற் போய்விட்டால், சலித்துப்போன சொந்தக்காரர் சில மாதங்களில் அக்காரை விற்றுவிடுவார். புதிதாக வாங்குபவர் ஒரு குறையுமறியாமல், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, விடுமுறைக்கு மலைநாட்டுக்குப் புறப்படுவார். முகவர் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளப் பிடிக்கும் ஐந்து நிமிடம் அந்தக் குடும்பத்துக்காகச் செலவாகும் நேரமாகும்.